மனக்காயம்பட்ட படைவீரரின் கோப்பில் கடைசிக் கையெழுத்து யாருடையது?

நெய்தல்வாணன் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்காய்வு செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2017 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை ஒன்றை முன்வைத்து இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன். 2011 முதல் 2015 வரையான நிதியாண்டுகளில் ஒழுங்கீனம் காரணமாக அந்நாட்டுப் படைகளிலிருந்து விலக்கப்பட்டவர்கள் 91,764 பேர். அவர்களுள் 57,141 பேருக்கு, அதாவது 62 விழுக்காட்டினருக்கு, விலக்கப்படுவதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் மனநலக் கோளாறோ தலைக்காயத்தால் வந்த மூளைப் பாதிப்போ இருந்ததாக மருத்துவக் கோப்பிலேயே பதிவு இருக்கிறது. இந்த 57,141 பேரில் 13,283 பேர் 'மதிப்புக்குரியதல்லாத' விலகல் என்ற முத்திரையுடன் வெளியே அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அந்த முத்திரை விழுந்தவருக்கு முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமும் உதவித்தொகையும் கிடைப்பது அரிது.

நோயை எழுதிய மருத்துவர் பணியாற்றுவது அந்தப் படைக்கு. விலக்கல் ஆணையில் கையெழுத்திட்ட அதிகாரியும் அந்தப் படையினரே. முதலாமவர் எழுதியது இரண்டாமவரின் மேசைக்குப் போகவில்லையா, போயும் படிக்கப்படவில்லையா, படித்தும் பொருட்படுத்தப்படவில்லையா? குடித்துவிட்டு வேலைக்கு வராமலிருப்பது, மேலதிகாரியிடம் சீறுவது, சொல்லாமல் முகாமை விட்டுப் போவது ஆகியவை ஒரு கோப்பில் நோயின் அறிகுறிகளாகவும் இன்னொரு கோப்பில் குற்றங்களாகவும் எழுதப்படும்போது எந்தக் கோப்பு வெல்லும் என்பதைத் தீர்மானிப்பது யார்?

மன உறுதி உள்ளவர், இல்லாதவர் என்ற பழைய வாதத்துக்குள் இறங்காமல், படைகளின் நடைமுறை எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் பேசலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏடுதேடி

நெய்தல்வாணன் அடுக்கிய மூன்று சாத்தியங்களோடு நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: மருத்துவர் எழுதும் உரிமையே அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படலாம். 1917இல் பிரிட்டன் படையில் அதுதான் நடந்தது.

1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்ற உளவியலறிஞர், அருகில் குண்டு வெடித்தபின் நினைவும் பார்வையும் சுவையும் மணமும் குன்றிப்போன 3 வீரர்களைப் பற்றி 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி, என்ற பெயர் மருத்துவ ஏடுகளில் நுழைந்தது அந்தக் கட்டுரையின் வழியாகத்தான். பிறகு படை நிர்வாகம் இந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. பகைவரின் குண்டால் நேரடியாக வந்தது என்றால் 'டபிள்யூ', அதாவது காயம். அப்படி இல்லையென்றால் 'எஸ்', அதாவது வெறும் நோய். காயம் என்று எழுதப்பட்டவர் போரில் காயம்பட்டவர் என்பதைக் காட்டும் பட்டியைச் சட்டைக் கையில் அணியலாம், ஓய்வூதியத்துக்கும் வழியுண்டு. நோய் என்று எழுதப்பட்டவருக்கு இரண்டும் இல்லை.

1916இல் சோம் ஆற்றங்கரைப் போரில் இப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் பின்னணிக்கு வரத் தொடங்கியதும் படைத்தலைமை அஞ்சியது. 1917 ஜூனில் ஓர் ஆணை பிறந்தது. 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை வாயாலும் சொல்லக்கூடாது, பதிவேட்டிலும் எழுதக்கூடாது; வீரரின் சீட்டில் 'நரம்புத் தொல்லை, இன்னும் கண்டறியப்படவில்லை' என்று மட்டும் குறித்துச் சிறப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஒரு படிவம் அவருடைய கட்டளை அதிகாரிக்குப் போகும். இந்த ஆள் வழக்கத்துக்கு மீறிய குண்டுவீச்சுக்கு ஆளானாரா என்பதை அந்த அதிகாரி எழுதியனுப்பிய பிறகே மருத்துவர் அவரை வகைப்படுத்தலாம். கண்ணெதிரே நடுங்கிக்கொண்டிருக்கும் நோயாளியைப் பற்றி, பல மைல் தொலைவில் இருக்கும், மருத்துவம் படிக்காத ஒருவரின் பதிலுக்காக மருத்துவர் காத்திருக்க வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டில் ஹாரி ஃபார் என்ற சிப்பாயின் வழக்கு நடந்தது. மேற்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவைச் சேர்ந்த அவர் 1915இல் ஷெல் ஷாக்குக்காக 5 மாதம் மருத்துவமனையில் இருந்தவர். கை நடுக்கத்தால் எழுத முடியாமல், மனைவிக்கான கடிதங்களைச் செவிலியரைக் கொண்டு எழுதுவித்தவர். 1916 செப்டம்பரில் முன்னணிக்குப் போக மறுத்தார். இராணுவ நீதிமன்ற விசாரணை ஏறத்தாழ 20 நிமிடம்தான் நடந்தது. அவருக்காக வாதாட யாரும் இல்லை. அவரது நிலையை அறிந்திருந்த மருத்துவ அதிகாரி காயம்பட்டு வேறிடத்தில் இருந்ததால் சாட்சியாக வரவில்லை. அக்டோபர் 18ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 25. அவருடைய குடும்பத்தாரின் பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2006ஆம் ஆண்டின் ஆயுதப் படைகள் சட்டம் அவர் உள்ளிட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது. வழங்கிய அதே பிரிவில், இம்மன்னிப்பு பழைய தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது என்றும் எழுதி வைத்தார்கள். சட்டம் எழுதுகிறவர்களின் கைப்பக்குவம் அது!

அதே காலத்தில் எடின்பரோவுக்கு அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவர் நோயாளிகளோடு மணிக்கணக்கில் உரையாடிக் குணப்படுத்திக்கொண்டிருந்தார். நம் நீலகிரித் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்து 1906இல் நூல் வெளியிட்டவரும் இவரே. ஆனால் அந்த மருத்துவமனை அதிகாரிகளுக்கு மட்டுமானது. ஹாரி ஃபார் போன்ற சிப்பாய்க்கு அங்கே கட்டில் கிடையாது.

ஹவில்தார் (ஓய்வு)

தம்பிமார் இருவரும் எழுதியதைப் படித்தேன். நான் காலாட்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மேசையின் மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரில் கடை வைத்திருப்பவர் மனநல மருத்துவரைப் பார்த்தால் அது அவருக்கும் மருத்துவருக்கும் இடையிலான செய்தி. இரவுக் காவலில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு நிற்பவரின் நிலை அப்படிப்பட்டதன்று. அவர் பல நாள்களாகத் தூங்கவில்லை என்றால், அவருக்குப் பக்கத்தில் படுத்திருப்பவர்களின் உயிருக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிக்கு அது தெரிந்தாக வேண்டும். கட்டளை அதிகாரியிடம் அறிக்கை கேட்பதையே கொடுமையாக ஏடுதேடி எழுதுகிறார். நம் படையில் இன்றைக்கும் மனநலப் பிரிவுக்கு ஒருவரை அனுப்பும்போது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-10 என்ற படிவத்தில் அவருடைய நடத்தை, வேலை, பழக்கவழக்கம் பற்றி யூனிட் எழுதித்தான் அனுப்ப வேண்டும். அது ஆளைப் பிடிக்கும் பொறியன்று. அரைமணி நேரம் பார்க்கும் மருத்துவருக்குத் தெரியாததை, இரண்டு ஆண்டு உடனிருந்த யூனிட் சொல்லும்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். நம் படையில் உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஐந்து எழுத்துகளால் அளக்கிறார்கள்; அதில் முதலெழுத்தான 'எஸ்' மனநிலையைக் குறிக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு; ஒன்று என்றால் முழுத் தகுதி. 'எஸ்'ஸில் அந்த எண் மாறினால் 'லோ மெடிக்கல் கேட்டகரி', அதாவது தகுதி குறைந்தவர், ஆகிவிடுவார். பிறகு குறித்த காலத்துக்கொரு முறை மறு ஆய்வு, ஆயுதம் ஏந்தத் தடை, பதவி உயர்விலும் பணி நீட்டிப்பிலும் சிக்கல். காது மந்தமாகி, செவித்திறனைக் குறிக்கும் 'எச்' மாறியவரைப் பார்த்து யாரும் ஒதுங்குவதில்லை. 'எஸ்' மாறியவரோடு சாப்பிட உட்காரவே தயங்குவார்கள். ஆகவே எங்கள் காலத்தில் எம்.ஐ. ரூமுக்கு, அதாவது முகாமின் மருத்துவ அறைக்கு, போனவர்கள் முதுகு வலி என்றும் வயிற்று எரிச்சல் என்றும்தான் சொன்னார்கள். 'தூங்கினால் அந்தக் காட்சி வருகிறது' என்று யாரும் மருத்துவரிடம் சொல்லிக் கேட்டதில்லை. நல்ல சுபேதார் வாய்த்தால் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டு, காகிதம் எதுவும் இல்லாமல் லீவு வாங்கித் தந்து ஊருக்கு அனுப்புவார். பெரும்பாலான நேரம் அதுதான் மருத்துவம். அப்படிப் போய்த் தேறி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வராமலே போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மருத்துவர் இளவேனில்

ஹவில்தார் ஐயா சொன்ன, காகிதமில்லாத லீவு என் மனத்தில் நிற்கிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முன்னாள் படைவீரர்களைப் பார்க்கிறேன். அவர்களில் பலர் பணிக்காலத்தில் ஒரு முறைகூட மனநல மருத்துவரைச் சந்திக்காதவர்கள்.

படைக்குள்ளே இருக்கும் மருத்துவர் என்றாலே தீங்கு என்ற முடிவுக்கு நாம் வந்துவிடக்கூடாது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு ஆலோசகராக வந்த தாமஸ் சால்மன், பிரெஞ்சு, பிரிட்டன் படைகளின் அனுபவத்தைப் பார்த்துவிட்டு மூன்று நெறிகளை முறைப்படுத்தினார். பாதிக்கப்பட்டவரைப் போர்முனைக்கு அருகிலேயே வைத்துப் பார்ப்பது, தாமதமின்றிப் பார்ப்பது, 'நீ தேறித் திரும்புவாய்' என்ற எதிர்பார்ப்போடு பார்ப்பது ஆகியவையே அவை. 1982 லெபனான் போரில் பங்கேற்ற இஸ்ரேலிய வீரர்களை ஸஹாவா சாலமனும் உடன் ஆய்வாளர்களும் நெடுங்காலம் பின்தொடர்ந்தனர். முன்னணியிலேயே இந்நெறிகளின்படி பார்க்கப்பட்டவர்கள், தொலைதூர மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டவர்களைவிட 20 ஆண்டுகளுக்குப் பிறகும் நலமாக இருந்ததாக அவர்கள் கண்டனர். தோழர்களிடமிருந்து பிரிக்கப்பட்டு, 'நான் ஓடி வந்தவன்' என்ற எண்ணத்தோடு கட்டிலில் கிடப்பது நோயை வளர்க்கும் என்பது என் அனுபவத்துக்கும் ஒத்துப்போகிறது. எனினும் முந்தைய போர்களில் சொல்லப்பட்ட 'இத்தனை விழுக்காட்டினர் பணிக்குத் திரும்பினர்' என்ற பெருமித எண்களை எட்கர் ஜோன்ஸ், சைமன் வெஸ்லி ஆகியோர் 2003இல் மறுபரிசீலனை செய்து, அவை மிகைப்படுத்தப்பட்டவை என்று காட்டியிருக்கிறார்கள். திரும்பியவர்களில் பலர் போர்முனைக்கே போகவில்லை. பின்னணி வேலைகளுக்குத்தான் போனார்கள்.

இந்த அறிவு படைகளுக்கு ஒரு முறை கிடைத்துவிட்டால் தங்கிவிடுவதும் இல்லை. இரண்டாம் உலகப் போர் வந்தபோது அமெரிக்கப் படை சால்மனை ஏறத்தாழ மறந்துவிட்டு, ஆள்சேர்ப்பின்போதே 'பலவீனமானவர்களை' வடிகட்டிவிடலாம் என்று நம்பியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரை மனநலக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிய பிறகும் 1943இல் துனீசியப் போர்முனையிலிருந்து மனமுடைந்தவர்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் தளபதி பிராட்லி, இத்தகையோரை முதலில் 'களைப்பு' என்றே குறித்து அருகிலேயே 7 நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஆகஸ்டில் சிசிலித் தீவின் மருத்துவமனைக் கூடாரங்களில் தளபதி பேட்டன் இப்படிப்பட்ட இரண்டு வீரர்களைக் கோழைகள் என்று திட்டி அறைந்தார். அவர்களில் ஒருவருக்கு மலேரியாக் காய்ச்சல் இருந்தது பிறகு தெரிந்தது. மருத்துவர்கள் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். பேட்டனின் மேலதிகாரியான தளபதி ஐசனோவர் அவரைக் கண்டித்து மன்னிப்புக் கேட்க வைத்தார். பிராட்லியின் ஆணைக்கும் பேட்டனின் அறைக்கும் இடையே நான்கு மாதம்கூட இல்லை. தளபதிக்குத் தளபதி மாறும் ஒன்றைக் கொள்கை என்று எப்படிச் சொல்வது?

வியட்நாம் போரில் இன்னொரு திருப்பம். தரைப்படை வீரருக்கு 12 மாதம் என்று பணிக்காலம் வரையறுக்கப்பட்டிருந்ததால், போர்க்களத்திலேயே மனமுடைபவர்களின் எண்ணிக்கை குறைந்தது. படை மருத்துவத்தின் வெற்றி என்று அதைக் கொண்டாடினார்கள். ஆனால் ஆள்கள் தனித்தனியாகப் போய்த் தனித்தனியாகத் திரும்பினார்கள். நோயும் அவர்களோடு வீட்டுக்குப் போயிற்று. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் 1980இல் சேர்த்ததற்கு அந்த முன்னாள் வீரர்களின் அழுத்தமும் ஒரு காரணம். 1988இல் முடிந்த தேசிய ஆய்வு, அப்போர்முனையில் பணியாற்றிய ஆண்களில் 15.2 விழுக்காட்டினருக்கு அப்போதும் அந்நோய் இருந்ததாகவும், 30.9 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் எப்போதாவது இருந்ததாகவும் மதிப்பிட்டது. பணிக்குத் திரும்பியவர்களை மட்டும் எண்ணினால் இவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

செங்காந்தள்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான சமூகப் பணியில் இருக்கிறேன். நெய்தல்வாணன் குறிப்பிட்ட அறிக்கை எங்கள் அலுவலக மேசைகளில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் ஒன்று. அந்த 62 விழுக்காட்டைக் கவனமாகக் கையாள வேண்டும். அந்த 57,141 பேரில் பேரதிர்ச்சிக் கோளாறோ மூளைப் பாதிப்போ இருந்தவர்கள் 16 விழுக்காட்டினரே. சூழலுக்கு ஒத்துப்போக இயலாமைக் கோளாறும் குடிப்பழக்கம் சார்ந்த கோளாறும்தான் அதிகம். இதைச் சொல்வது படையைக் காப்பாற்றுவதற்காக அன்று. எது அதிர்ச்சியின் விளைவு, எது அதற்கு முன்பே இருந்தது என்று பிரித்துப் பார்க்கும் சோதனையைத்தான் விலக்குவதற்கு முன் செய்திருக்க வேண்டும். தரைப்படையும் மரீன் படையும் அந்த விதியைச் சரிவரப் பின்பற்றவில்லை என்பதே அறிக்கையின் முதன்மையான குற்றச்சாட்டு.

படைவீரர் ஏன் மருத்துவரிடம் பேசுவதில்லை என்பதற்கு இங்கே நல்ல சான்றுகள் இருக்கின்றன. சார்லஸ் ஹோஜ் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டவர்களில் மனநலக் கோளாறுக்கான அளவுகோலை எட்டியவர்களிடம் காரணம் கேட்டார்கள். 65 விழுக்காட்டினர் 'என்னைப் பலவீனமானவனாகக் கருதுவார்கள்' என்றனர். 63 விழுக்காட்டினர் 'என் தலைமை என்னை வேறுவிதமாக நடத்தும்' என்றனர். 2011இல் வெளிவந்த வேறோர் ஆய்வு இன்னும் நேரடியானது. ஈராக்கிலிருந்து திரும்பிய ஒரு காலாட்படைப் பிரிகேடின் வீரர்கள், பெயருடன் நிரப்ப வேண்டிய வழக்கமான உடல்நலப் படிவத்தில் சொன்னதையும், பெயரில்லாத படிவத்தில் சொன்னதையும் அதில் ஒப்பிட்டார்கள். பெயரில்லாத படிவத்தில் மன அழுத்தம், அதிர்ச்சிக் கோளாறு, தற்கொலை எண்ணம் ஆகியவை 2 முதல் 4 மடங்கு அதிகமாக வெளிப்பட்டன. ஆள்கள் அவர்களே, மாறியது தாளின் தலைப்பில் இருந்த பெயர்க் கட்டம் மட்டும்தான்.

ஹவில்தார் ஐயா எழுப்பிய கேள்வி இங்கும் எழுந்தது. அதற்கு ஒரு விடையாகப் பாதுகாப்புத் துறை 2011இல் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. வீரர் தாமாக மனநல உதவி தேடினால், மருத்துவர் கட்டளை அதிகாரியிடம் சொல்லக்கூடாது என்பதே அதன் பொதுவிதி. தமக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கும் அபாயம், பணிக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்க்கப்படுதல், அணு ஆயுதப் பொறுப்பு போன்ற சிறப்புப் பணி முதலியவை விலக்குகள். அப்போதும் தேவையான அளவுக்கு மட்டுமே சொல்ல வேண்டும். முழுக் கோப்பையும் நீட்டக்கூடாது. 2021 டிசம்பரில் சட்டமாகி 2023இல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய பிராண்டன் சட்டம், காரணம் சொல்லாமலே மனநலப் பரிசோதனை கேட்கும் உரிமையை வீரருக்கு அளித்தது. தன்னுயிரை மாய்த்துக்கொண்ட ஓர் இளம் கடற்படை வீரரின் பெற்றோர் போராடிப் பெற்ற சட்டம் அது.

வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு வழி திறந்தது 2014இல். அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஹேகல், அதிர்ச்சிக் கோளாறு உள்ளவர்களின் விலகல் முத்திரையை மாற்றக் கோரும் மனுக்களைத் தாராள மனத்தோடு பரிசீலிக்க வேண்டும் என்று மறுஆய்வு வாரியங்களுக்கு எழுதினார். 2017 ஆகஸ்டில் வந்த விளக்கக் குறிப்பு, வீரரின் சொந்த வாக்குமூலத்தையும் சான்றாகக் கொள்ளலாம் என்றது. தாளில் நன்றாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களில் பாதிப்பேருக்கு இப்படி மனுச் செய்யலாம் என்பதே தெரியாது.

ஹவில்தார் (ஓய்வு)

செங்காந்தள் குறிப்பிட்ட விதிவிலக்குப் பட்டியல் எனக்கு ஏற்புடையதே. துப்பாக்கி ஏந்துபவரைப் பற்றிய என் கவலையை அது தீர்த்துவிடுகிறது. ஆனால் 'பணிக்கு ஆபத்து' என்ற விலக்கு மிகவும் அகலமான கதவு. அதன் வழியாக ஒரு யானையையே உள்ளே கொண்டுபோய்விடலாம்.

அகல்

யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். ஓய்வூதியத்துக்காக நடிப்பவர்கள் இல்லையா? எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருக்கிறது. கெட்ட கனவுக்கு என்ன சான்று? அரசின் பணம் மக்களின் பணம்தானே?

மருத்துவர் இளவேனில்

இருக்கிறார்கள், அகல். எல்லா உதவித்தொகைத் திட்டத்திலும் இருப்பதைப் போல. ஆனால் அந்த ஐயத்தைக் கொள்கையாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மடிகன் இராணுவ மருத்துவமனை ஓர் எடுத்துக்காட்டு. சிகிச்சை அளித்த மருத்துவர்கள் எழுதிய அதிர்ச்சிக் கோளாறு என்ற முடிவை, நோயாளியோடு தொடர்ந்த பழக்கம் இல்லாத தடயவியல் மனநலக் குழு ஒன்று அங்கே மாற்றி எழுதிவந்தது. இந்நோயை எழுதினால் ஓய்வூதியச் செலவு எவ்வளவு கூடும் என்பது மருத்துவர்களுக்கான உரையிலேயே பேசப்பட்டது 2012இல் வெளிவந்தது. மறு ஆய்வில் நூற்றுக்கணக்கானோருக்குப் பழைய முடிவே சரி என்று திருப்பி எழுத வேண்டியதாயிற்று. 2001 வரை பின்னோக்கி எல்லாக் கோப்புகளையும் பார்க்கும்படி இராணுவச் செயலர் ஆணையிட்டார். நடிப்பவரைக் கண்டறிவதற்கு உரிய கருவிகள் எங்கள் துறையில் உண்டு: மீண்டும் மீண்டும் நேர்காணல், உடனிருந்தோர் சாட்சியம், காலப்போக்கில் அறிகுறிகள் மாறும் விதம். செலவுக் கணக்கு அந்தக் கருவிகளில் ஒன்றன்று.

வழக்கறிஞர் பொன்னுச்சாமி

ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வாதாடுபவன் என்ற முறையில் இந்திய நிலைமையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் நாட்டில் சண்டை, விலகல் முத்திரையைப் பற்றியதைவிட, மெடிக்கல் போர்டு, அதாவது வீரரின் தகுதியை முடிவு செய்யும் படை மருத்துவர் குழு, எழுதும் ஒரு வரியைப் பற்றியதாகவே பெரும்பாலும் இருக்கிறது: 'இந்நோய் படைப்பணியால் ஏற்பட்டதும் அன்று, படைப்பணியால் மோசமடைந்ததும் அன்று.' இந்த வரி விழுந்துவிட்டால், 20 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தாலும் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடையாது.

2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணியில் சேர்ந்தபோது நோய்க்குறிப்பு எதுவும் எழுதப்படவில்லை என்றால் அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், பிறகு வந்த நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது என்று தெளிவாக்கியது. அது வலிப்பு நோய் பற்றிய வழக்கு. அந்தத் தீர்ப்பை வைத்தே மனநல வழக்குகள் பலவும் வெற்றி பெற்றன. 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில் காற்று மறுபக்கம் வீசியது. மனச்சிதைவு போன்ற நோயை, பணியில் சேரும்போது நடக்கும் வழக்கமான பரிசோதனையில் கண்டறிய இயலாது, ஆகவே பிறகு வந்தது என்பதாலேயே பணியால் வந்தது என்று கொள்ள முடியாது என்று கூறி, மெடிக்கல் போர்டின் கருத்தை நீதிமன்றம் ஏற்றது. 2025 மே மாதத்தில் ராஜுமோன் வழக்கில், மெடிக்கல் போர்டு காரணம் எழுதாமல் வெறும் முடிவை மட்டும் எழுதியிருந்தால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறி, அந்த முன்னாள் வீரருக்கு ஓய்வூதியம் அளிக்க உத்தரவிட்டது.

என் பார்வையில் இந்தக் கடைசித் தீர்ப்புதான் நெய்தல்வாணனின் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. கையெழுத்து யாருடையது என்பதோடு, கையெழுத்துக்கு மேலே காரணம் இருக்கிறதா என்றும் நீதிமன்றம் கேட்கிறது. நான் பார்த்த கோப்புகள் பலவற்றில் அந்த இடத்தில் இருப்பது ஒற்றை வரி. 'மன அமைப்பு சார்ந்த கோளாறு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். அதே வீரர் பனிமலையில் எத்தனை காலம் இருந்தார், எந்தத் தாக்குதலில் உடனிருந்தவர் இறந்தார், எத்தனை முறை லீவு மறுக்கப்பட்டது என்பதெல்லாம் யூனிட் பதிவேட்டில் இருக்கும். போர்டின் முன் வைக்கப்பட்டிருக்காது.

ஹவில்தார் ஐயா குறிப்பிட்ட ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-10 படிவத்துக்கும் இரண்டு முனைகள் உண்டு. 'பணியில் சிறந்தவர், சில மாதங்களாக மாறிவிட்டார்' என்று கட்டளை அதிகாரி எழுதியிருந்தால் எங்களுக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. 'தொடக்கத்திலிருந்தே ஒத்துழைக்காதவர்' என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரியை உடைக்க ஆண்டுகள் ஆகும்.

கோதை

வணக்கம். இந்த இழையைப் படித்துவிட்டு முதன்முறையாக எழுதுகிறேன். என் கணவர் எல்லைப் பகுதியில் பணியாற்றி, மனநலக் காரணத்தால் மெடிக்கல் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். வழக்கறிஞர் ஐயா எழுதிய அதே வரிதான் எங்கள் தாளிலும் இருக்கிறது. மேல்முறையீடு செய்யலாம் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. காலம் கடந்துவிட்டது என்று இப்போது சொல்கிறார்கள். அவர் அந்த நாள்களைப் பற்றிப் பேச மறுக்கிறார். அவரை வற்புறுத்தாமல் நான் எதையாவது செய்ய முடியுமா?

வழக்கறிஞர் பொன்னுச்சாமி

முடியும், அம்மா. மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கைக் குறிப்பையும், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-10 படிவத்தின் நகலையும், அவர் பணியாற்றிய இடங்களின் பட்டியலையும் கேட்டு அவருடைய ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீசுக்கு விண்ணப்பம் எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து மட்டும் போதும். நடந்ததை அவர் விவரிக்க வேண்டியதில்லை. மருத்துவ அதிகாரிகளுக்கான 2002ஆம் ஆண்டு வழிகாட்டியில் (2023இல் புதிய வழிகாட்டி வந்தது), போர்ப்பகுதி, கிளர்ச்சி ஒழிப்புப் பகுதி, உயர்மலைப் பகுதி, மிகத் தனித்த காவல்நிலை ஆகியவற்றில் இருந்தபோது தோன்றிய மனநலக் கோளாறைப் பணியோடு தொடர்புடையதாகக் கருத இடமிருந்தது. எனவே நோய் தொடங்கிய மாதத்தில் அவர் எங்கே இருந்தார் என்பதே உங்கள் வழக்கின் முதல் தாள்.

காலதாமதத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஓய்வூதிய மறுப்பு என்பது மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் தாமதத்தை மட்டும் காட்டித் தள்ளுபடி செய்யக்கூடாது என்று 2008இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் நிலுவைத் தொகை பொதுவாக மனுச் செய்த நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு மாதத் தாமதமும் ஒரு மாதப் பணம்.

ஹவில்தார் (ஓய்வு)

தங்கச்சி, விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதித் தர உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள். போகும்போது அவருடைய டிஸ்சார்ஜ் புக்கைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நகலைக் கொடுங்கள், மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம். அவர் எந்த பட்டாலியன் என்பதை எனக்குத் தனிமடலில் எழுதினால், அதே காலத்தில் அங்கே இருந்தவர்கள் யாராவது சாட்சிக் கடிதம் தருவார்களா என்று எங்கள் சங்கத்தில் விசாரிக்கிறேன்.